ஒருமனதாக

தோட்டுமுக்கு காலனி,
திருவனந்தபுரம்.
5.8.2024

அன்புள்ள மைனிக்கு,

நான் சுகம். உங்கள் கால்முட்டு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக லிபி போனில் சொன்னாள். கழக்கூட்டத்தில் அவள் பிளாட்டில் லிப்ட் இருக்கிறது, பெற்ற மகள் அவளும் பக்கத்தில் இருக்கிறாள். நீங்கள் அங்கே இருப்பதுதான் நல்லது. ஆனாலும் உங்கள் கதவில் மூன்று மாதமாகத் தொங்கும் பூட்டைப் பார்க்க இங்கே உள்ளவர்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது. "கவுன்சிலர் ஆனா எல்லாரும் பிளாட்டுக்குத்தான் போவாங்க" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். யாரென்று எழுதமாட்டேன். அவளுக்கு வேண்டியதை நானே கொடுத்துவிட்டேன்.

காலனி கூடி முடிவெடுக்கிற முற்றக்கூட்டத்துக்கு இந்த ஆறு மாதம் எழுதுகிற முறை எனக்கு. கூட்டத்துக்கும் கவுன்சிலருக்கும் நடுவில் எல்லாம் எழுத்தில்தான் என்று அண்ணன் வைத்த வழக்கத்தை, அவர் போய் மூன்று வருஷம் ஆகியும் நாங்கள் மாற்றவில்லை. கூட்டத்தின் தாளைத் தனியே வைத்திருக்கிறேன். இது நாத்தனார் மைனிக்கு எழுதுவது.

விஷயம் இதுதான். தோட்டுக் கால்வாயின் சுவர் பலமில்லை, காலனிக்காரர்கள் வீடு மாற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கழக்கூட்டத்துக்கும் அப்பால் ஐம்பத்திரண்டு பிளாட் தயாராக இருக்கிறதாம். நாம் எண்பத்தாறு வீடு. மிச்சம் முப்பத்தினாலு வீட்டுக்கு "பிறகு பரிசீலிக்கப்படும்" என்று போட்டிருக்கிறது. பெண்கள் பாதிப் பேர் கிழக்கேகோட்டையிலும் ஸ்ரீவராகத்திலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அங்கிருந்து இரண்டு பஸ் பிடித்து விடியுமுன் எப்படி வந்து சேர்வார்கள்?

உங்கள் ஓட்டு மாநகராட்சி நிலைக்குழுவில் இருக்கிறது. என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பதினெட்டாம் தேதி ஞாயிறு கூட்டம். கட்டாயம் வாருங்கள்.

பிரியமுள்ள,
ராகேல்


கழக்கூட்டம்,
9.8.2024

அன்புள்ள ராகேலுக்கு,

உன் கடிதம் வாசித்தேன். பூட்டைப் பற்றி எழுதியது வலித்தது. ஆனால் நீ எழுதியது நல்லதுதான். வேறு யாரும் என்னிடம் நேராகச் சொல்லமாட்டார்கள்.

பாசனத்துறையிலிருந்து ஷில்பா என்று ஒரு சின்ன வயது எஞ்சினியர் இங்கே வீட்டுக்கே வந்தாள். மடிக்கணினியில் படம் காட்டினாள். நம் சுவர் வெளியே பார்க்கத்தான் சுவர். பின்னால் மண்ணைத் தண்ணீர் தின்று உள்ளே பொள்ளலாக இருக்கிறது. "டீச்சர், எப்போ விழும்னு என்னால சொல்ல முடியாது. விழாதுன்னும் சொல்ல முடியாது. ஐப்பசியில துலா மழை வர்றதுக்கு முன்னாடி முன்வரிசை வீடுகளையாவது மாத்திடுங்க" என்றாள். பொய் சொல்கிற முகமில்லை.

ஐம்பத்திரண்டும் சுவரோர வீடுகளுக்குத்தான். ஆகஸ்ட் 29 நிலைக்குழுவில் நிறைவேறினால் செப்டம்பர் கடைசிக்குள் சாவி. தள்ளிப்போனால் இந்த பிளாட்டுகளை வேறு வார்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயும் வீடில்லாதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ராகேல், உன் அண்ணன் என்னை எலக்‌ஷனுக்கு நிறுத்தியபோது முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "ஓட்டுப் போட்டுவிட்டு அஞ்சு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதற்குப் பெயர் ஜனநாயகம் இல்லை. நாம் அனுப்புகிற ஆள் நமக்கு எசமான் இல்லை, தபால்காரர். நம்முடைய தபாலைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்." சபையில் பாஸ்டர் அவரை அராஜகவாதி என்று திட்டியபோதுகூட, "ராஜா இல்லாத இடம் என்றுதானே ஐயா அந்த வார்த்தைக்கு அர்த்தம்" என்று சிரித்தார். அந்த விதிக்கு நான் கையெழுத்துப் போட்டவள். கூட்டம் ஒருமனதாகச் சொன்னால் அதை அப்படியே செய்ய வேண்டும். ஒரே ஒரு வீடு வேண்டாம் என்றாலும் அது முடிவு இல்லை. அப்போது என் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் ஐம்பத்திரண்டை வாங்குவோம். மிச்சத்துக்கு நான் சண்டை போடுகிறேன். இல்லையென்றால் இந்த ஒரு முறை என் கையை என்னிடம் விட்டுவிடுங்கள். இதைக் கூட்டத்தில் வாசி.

பதினெட்டாம் தேதி வர முடியாது. நம் சந்துக்குள் கார் வராது, நடக்க டாக்டர் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
மைனி


தோட்டுமுக்கு,
19.8.2024

அன்புள்ள மைனிக்கு,

நேற்றுக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். எண்பத்தாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது, உங்கள் வீட்டைத் தவிர.

உங்கள் கடிதத்தை வார்த்தை விடாமல் வாசித்தேன். நீங்கள் அனுப்பிய எஞ்சினியரின் ரிப்போர்ட்டை நம் காலனி விஜின் மலையாளத்தில் வாசித்து அர்த்தம் சொன்னான். பிறகு ஜினு எழுந்தாள். அவள் முன்பு ரயில்வே லைன் பக்கம் இருந்தவள் அல்லவா? "அங்கேயும் இப்படித்தான் நாப்பது வீட்டுக்காரங்களை முதல்ல கொண்டுபோனாங்க. நாங்க முப்பது வீடு மிச்சம். ஒன்பது வருஷம் ஆச்சு, எங்க அம்மா இன்னும் அங்கேதான் கிடக்கா. போனவங்க எங்களுக்காக ஒரு நாள் வந்து நின்னாங்களா? அவங்களக் குத்தம் சொல்லல, அவங்களுக்கு அவங்க பாடு" என்றாள்.

நானும் பேசினேன். ஐம்பத்திரண்டு வீடு போய்விட்டால் மிச்சமிருக்கும் முப்பத்தினாலு வீட்டுக்குக் கூட்டம் ஏது, குரல் ஏது? நம்மைப் பிரித்துத்தான் எப்போதும் ஜெயித்திருக்கிறார்கள். எண்பத்தாறும் கிடைத்தால் போவோம், இல்லையென்றால் யாரும் அசையமாட்டோம். அதுவரை சுவருக்கு நாமே மணல்மூட்டை அடுக்குவோம், முறை வைத்துக் காவல் இருப்போம். சர்க்கார் வந்து சொல்லியா இந்தக் காலனிக்குக் கக்கூஸ் வந்தது, குழாய் வந்தது? நாம் உட்கார்ந்து பேசி, நாமே வெட்டினோம்.

முடிவு: ஐம்பத்திரண்டு பிளாட் என்ற தீர்மானத்தைக் கவுன்சிலர் எதிர்க்க வேண்டும். ஒருமனதாக.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும் மைனி. கூட்டத்தின் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிரியமுள்ள,
ராகேல்


கழக்கூட்டம்,
30.8.2024

அன்புள்ள ராகேலுக்கு,

நேற்று லிபி லீவு போட்டு என்னை வாடகைக் காரில் கொண்டுபோனாள். ஊன்றுகோலோடு நிலைக்குழு அறைக்குள் போனேன்.

ஒன்பது பேர். பேசி முடித்ததும் நாலு பேர் வேண்டும், நாலு பேர் வேண்டாம். வேண்டாம் என்ற நாலு பேருக்கும் நம்மேல் அக்கறை இல்லை. அந்த பிளாட்டுகள் தங்கள் வார்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். தலைவர் என்னைப் பார்த்து, "டீச்சரே, தீருமானம் பறயூ" என்று என் முடிவைக் கேட்டார். பக்கத்து இருக்கை ஓமனா வேறு கட்சி, என்றாலும் என் கையைப் பிடித்தாள். "டீச்சரே, அம்பத்திரண்டு குடும்பமல்லே" என்று மெதுவாகச் சொன்னாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன்.

ஐந்துக்கு நாலு. தீர்மானம் தோற்றது.

வெளியே வந்தபோது ஷில்பா வராந்தாவில் நின்றாள். "ரிப்போர்ட் கிட்டலியா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். கிடைத்தது என்றேன்.

தபாலைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று கூட்டத்தில் சொல்லிவிடு.

அன்புடன்,
மைனி


தோட்டுமுக்கு,
18.9.2024

அன்புள்ள மைனிக்கு,

ஓணத்துக்கு நீங்கள் வரவில்லை. லிபி கொண்டுவந்த பாயசத்தை எல்லா வீட்டுக்கும் ஒரு கரண்டி வீதம் கொடுத்தேன். எண்பத்தாறு கரண்டிக்கு அது போதவில்லை, கடைசியில் வெல்லம் கரைத்துச் சேர்த்தேன். சிரிக்காதீர்கள்.

இருநூற்றுப் பத்து மணல்மூட்டை அடுக்கிவிட்டோம். கான்ட்ராக்டர் இல்லை, மேஸ்திரி இல்லை. யார் எப்போது தூக்குவது என்று முற்றத்தில் பேசி எழுதி ஒட்டினோம், ஒரு ஆள்கூட முறை தவறவில்லை. அண்ணன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். உங்களைப் பற்றி இப்போது குழாயடியில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "டீச்சர் வாக்கு மாறல" என்றுதான் பேச்சு.

முன்வரிசை ஷீஜா உங்கள் கால்முட்டு எப்படி என்று விசாரித்தாள். அவளுடைய மாமனார் பகவதிப்பெருமாள் இப்போது கட்டிலோடுதான். புருஷன் பிரவின்ராஜுக்கு லாரி ஓட்டம், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பதில்லை. பிள்ளை மாளுவைப் பகலில் என் வீட்டில்தான் விட்டிருக்கிறாள். மூன்று வயதுக்கு என்ன வாய்! நம் தமிழும் அங்கன்வாடி மலையாளமும் கலந்து என்னை அதட்டுகிறது.

பிரியமுள்ள,
ராகேல்


கழக்கூட்டம்,
22.10.2024

ராகேலுக்கு,

ஒன்பது நாள் ஆகிறது. நீ போன் எடுக்கவில்லை. தைக்காடு மயானத்தில் உன் எதிரில் வந்து நின்றேன், நீ மாளுவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அன்று ஞாயிறு மத்தியானம் மூன்றரை மணிக்கு விஜின் எனக்குப் போன் செய்தான். "டீச்சர், சுவர் போச்சு" என்றான். நான் வந்து சேர்ந்தபோது நாற்பதடிச் சுவர் விழுந்து மூன்று வீடுகள் இல்லாமல் இருந்தன. உங்கள் மணல்மூட்டைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. சந்துக்குள் கார் வராது என்றேன் அல்லவா? அன்று முழங்கால் அளவு சேற்றில் நடந்துதான் வந்தேன். நடக்க முடிந்தது.

ஷீஜா முதல் சத்தத்திலேயே வெளியே ஓடி வந்துவிட்டாள் என்று ஜினு சொன்னாள். மாமனாரைத் தூக்கத் திரும்பவும் உள்ளே போயிருக்கிறாள். தீயணைப்புக்காரர்கள் எடுத்தபோது இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தார்கள். அவளுடைய ஒரு கை கிழவரின் கக்கத்துக்குள் இருந்தது.

பத்திரிகைகளில் என் படம் வருகிறது. 'ஓட்டுக்காக ஏழைகளை மரணத்தில் நிறுத்திய கவுன்சிலர்.' கல்லெறிவார்கள் என்று பயந்து லிபி பால்கனிக் கதவை அடைத்து வைத்திருக்கிறாள். சப் கலெக்டர் விசாரணை நவம்பர் 20-ஆம் தேதி. ஏன் எதிர்த்தேன் என்று நான் சொல்ல வேண்டும்.

நான் தப்பிக்கக் கேட்கவில்லை. கை தூக்கியது நான், அது என் தோளில் இருந்த கைதான். ஆனால் நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும். எண்பத்தாறு வீடும் சேர்ந்து எடுத்த முடிவென்றால் எண்பத்தாறு வீடும் சேர்ந்து வந்து நின்று சொல்லட்டும். உன் அண்ணன் கட்டியது அதற்குத்தானே? ஆகஸ்ட் 18 கூட்டத்தின் பதிவுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பு.

மாளு யாரிடம் இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா?

ஜெயஷீலா மைனி


தோட்டுமுக்கு முற்றக்கூட்டம்
(முகாம்: அரசுப் பள்ளி)
28.10.2024

கவுன்சிலர் திருமதி ஜெயஷீலா அவர்களுக்கு,

27.10.2024 அன்று நடந்த கூட்டத்தின் முடிவு பின்வருமாறு தெரிவிக்கப்படுகிறது. கூட்டத்தின் பதிவுப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. 29.8.2024 நிலைக்குழுவில் தாங்கள் அளித்த ஓட்டு தங்களுடைய சொந்த முடிவு. அது தொடர்பாகக் கூட்டம் தங்களுக்கு எந்தக் கட்டளையும் கொடுத்ததாக இங்குள்ள யாருக்கும் நினைவில்லை. இம்முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது.

இப்படிக்கு,
கூட்டத்துக்காக எழுதியவர்,
ராகேல்


கழக்கூட்டம்,
2.11.2024

ராகேல்,

தாள் கிடைத்தது. 'திருமதி', 'தாங்கள்'. உன் கையெழுத்துதான். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் கல்யாணமாகி வந்தேன். 'ழ' எழுத உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

கட்சிக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று உன் அண்ணன் சொல்வார். காரியம் நடந்தால் எல்லாரும் செய்தது, கெட்டால் ஒருத்தன் செய்தது. நம் முற்றத்தில் அது நடக்காது, ஏனென்றால் அங்கே யாருக்கும் இழப்பதற்கு நாற்காலி இல்லை என்றும் சொல்வார். நாற்காலி வேண்டியதில்லை போலிருக்கிறது. பயம் போதும்.

நீ எனக்கு ஆகஸ்டில் அனுப்பிய தாள் என்னிடம் இருக்கிறது. அதை நான் காட்டலாம். உங்கள் எல்லாரையும் பொய்யர்கள் ஆக்கலாம். ஐந்து நாளாக அதை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சொல். காட்டட்டுமா?

ஜெயஷீலா


முகாம்,
10.11.2024

அன்புள்ள மைனிக்கு,

காட்டுங்கள். புத்தகமும் வெள்ளத்தில் போகவில்லை. என் டிரங்குப் பெட்டியில் நனையாமல் இருக்கிறது. கூட்டத்தில் விஜின், "புத்தகத்தைக் கொடுத்தா எல்லார்மேலயும் கேஸ் வரும், பிளாட்டும் கிடைக்காது" என்றான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆனால் நீங்கள் அந்தத் தாளைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாளும் பொய்.

ஆகஸ்ட் கூட்டத்தில் நான் பேசி முடித்தபிறகு ஷீஜா எழுந்தாள். அவள் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் இல்லை. "எனக்கு அந்த வீடு வேணும் அக்கா. மழை வந்தா மாமாவையும் பிள்ளையையும் நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?" என்றாள்.

விதிப்படி அங்கேயே முடிந்தது மைனி. எதிர்க்க வேண்டாம் என்று ஒரு வீடு சொல்லிவிட்டது. முடிவு இல்லை என்று எழுதி, உங்கள் கையை உங்களிடம் விட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்க வீட்டு நம்பர் லிஸ்ட்ல இருக்கு, அதனால பேசுற. லிஸ்ட்ல இல்லாத முப்பத்தினாலு வீட்டுக்காரங்க முகத்தப் பாத்து இதச் சொல்லு பாப்போம்."

அவள் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் அதட்டவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். "செரி அக்கா, எல்லாருக்கும் உள்ளது எனக்கும்" என்றாள். "அப்போ சம்மதந்தானே?" என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. குனிந்து மாளுவின் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டேன்.

என் வீடும் பட்டியலில் இல்லை. நீங்கள் அதை ஒருபோதும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. முப்பத்தினாலு பேருக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்காகவும் பேசினேன். இரண்டில் எது எவ்வளவு என்று எனக்கே இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

சுவர் விழுந்த நேரத்தில் மாளு என் வீட்டில் முறத்தில் கிடந்த உளுந்தை இறைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது பிரவின்ராஜிடம் இருக்கிறாள். சாப்பிடுகிறாள். அம்மா எங்கே என்று கேட்பதில்லை, என்னைக் கண்டால் மட்டும் ஓடி வருகிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

இருபதாம் தேதி புத்தகத்தோடு வருகிறேன். கூட்டத்திடம் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

ராகேல்


கழக்கூட்டம்,
26.11.2024

ராகேலுக்கு,

நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. படியேறி வந்தபோது உன்னைத் தனியாகப் பார்த்து, பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

நீ சொன்னதை எல்லாம் கேட்டேன். ஷீஜா பேசியதை அவள் குரல் மாதிரியே சொன்னாய். அதிகாரி, "நீங்கள் அந்தக் கூட்டத்தின் தலைவரா, செயலாளரா?" என்று கேட்டார். "எங்களுக்கு அப்படி யாரும் இல்ல சார். எழுதுற முறை எனக்கு வந்தது" என்றாய். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். பதவி இல்லாதவர்மேல் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்கு வேண்டிய பதவி என்னிடம்தான் இருந்தது.

நீ போனபிறகு நான் சொன்னதை நீ கேட்கவில்லை. எழுதுகிறேன். கூட்டத்தின் தாள் வராமல் இருந்திருந்தாலும் சுவர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். கூட்டத்தின் சொல்லை மீறி ஓட்டுப் போட்டிருந்தால் சட்டம் என்னைத் தண்டிக்காது, கூட்டம் மட்டும்தான் கோபப்படும், அதுவும் தெரியும் என்றேன். பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது. தீர்மானத்தை ஆதரித்து அந்த பிளாட்டை வாங்கினால், தனக்காக வாங்கினாள் என்று குழாயடியில் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். நாலு பேர் நாற்காலியில் தூக்கி வந்திருந்தால் அன்று கூட்டத்துக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால் ஷீஜா சொன்னதை நானும் கேட்டிருப்பேன். வரவில்லை. நீங்களே முடிவு செய்து அனுப்பினால் எனக்குப் பாரம் இல்லை என்று எங்கேயோ உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. உன் அண்ணன் என்னைத் தபால்காரராக்கினார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்து நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு நீ வராந்தாவில் என் காலைத் தொட்டாய். அது என்னிடம் கேட்க வேண்டியது இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இல்லை.

ஜெயஷீலா


தோட்டுமுக்கு,
16.12.2024

அன்புள்ள மைனிக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எண்பத்தாறு வீட்டுக்கும் பிளாட் கொடுக்க உத்தரவு வந்துவிட்டது. எண்பத்தாறும், ஒன்றுகூடக் குறையாமல். மந்திரி ஒருவர் வந்து சாவி கொடுத்தார். இடிந்த மூன்று வீட்டுக்கும் சேர்த்துத்தான். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எங்கே போவேன்?

நேற்று முற்றத்தில் கடைசிக் கூட்டம் நடந்தது. என்னை யாரும் விலக்கவில்லை, பக்கத்தில் யாரும் உட்காரவும் இல்லை. எழுதுகிற முறை இப்போது விஜினுக்கு. "நாம உறுதியா நின்னதாலதான் எண்பத்தாறும் கிடைச்சது, இதப் புத்தகத்துல எழுதணும்" என்று ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். ஜினு அழுதாள், அவளுடைய அம்மாவை இனி கூட்டிக்கொண்டு வரலாம் அல்லவா. "வேண்டாம்னு யாருக்காவது இருக்கா?" என்று விஜின் கேட்டான். நான் எழுந்தேன். "ரெண்டு பேர் செத்ததாலதான் கிடைச்சது, அப்படி எழுது" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று நாங்கள் ஷீஜாவைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும். விஜின் குனிந்து எதையோ எழுதினான். என்னவென்று நான் கேட்கவில்லை.

பிரவின்ராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "அன்னைக்கு நான் அவ பக்கத்துலதான் இருந்தேன் அக்கா. அவளுக்கு ஒத்து ஒரு வார்த்தை நான் சொன்னேனா?" என்றான். சாவியை வாங்காமல் பாறசாலையில் ஷீஜாவின் அம்மா வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறான். மாளு என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள்.

மைனி, எனக்கு இனி உங்களையும் லிபியையும் தவிர யாரும் இல்லை. புது பிளாட் உங்கள் இடத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்தான். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வாருங்கள். ஒன்றும் பேச வேண்டாம், சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள்,
ராகேல்


கழக்கூட்டம்,
21.12.2024

ராகேலுக்கு,

நான் வரவில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் சரி என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். நீ தனியாக இருக்கிறாய், பண்டிகை நாள், உன் அண்ணன் இருந்தால் போகச் சொல்வார், லிபியும் போகத்தான் சொல்கிறாள். எல்லாரும் சேர்ந்து சொல்வதற்கு நான் சரி சொல்லியே பழகிவிட்டேன். அதனால் நாலு நாள் எழுதாமல் இருந்தேன். நாலு நாளுக்குப் பிறகும் எனக்கு வர மனமில்லை.

முற்றத்தில் நீ எழுந்து நின்றது பெரிய காரியம். அதை நான் அறியாமலில்லை. வெறுப்பினால் எழுதவில்லை. உன் கையால் ஒரு வாய் சோறு தின்ன உட்கார்ந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய கை எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தால் உனக்கும் அதுதான் தெரியும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு நாம் தேறிவிடுவோம் ராகேல். தேறுவது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு இனிமேல் எழுதாதே. லிபி உன் அண்ணன் மகள், அவள் எப்போதும் போல உனக்குப் போன் செய்வாள், வந்தும் போவாள். அதை நான் தடுக்கமாட்டேன். அவளிடம் என்னைப் பற்றி மட்டும் விசாரிக்காதே.

ஜெயஷீலா